ஈ நலம்

ஜூலை 3, திங்கள்

கல்லூரிக்கு ஓர் ஈ வந்திருக்கிறது. ஈ வருவதெல்லாம் ஒரு செய்தியா என்றால், இது நான்கு கோடி ஆண்டுப் பழைய ஈ. பதிவுத் தபாலில் வந்தது.

அனுப்பியவர் பழைய மாணவர் பீர் முகம்மது. கப்பலில் வேலை பார்க்கிறார். பால்டிக் கடற்கரை ஊரொன்றில் இறங்கியபோது இந்த ஆம்பர் துண்டை வாங்கினாராம். ஆம்பர் என்பது மரப்பிசின்தான். கோடிக்கணக்கான ஆண்டுகள் மண்ணுக்குள் கிடந்து கல்லாக இறுகியது. புளியங்கொட்டையைவிடக் கொஞ்சம் பெரிது, தேன் நிறம். நடுவில் ஈ, இப்போதுதான் உட்கார்ந்தது போல.

கூடவே ஒரு கடிதம்: ‘உயிரியல் துறைக்கு என் அன்புப் பரிசு.’

எங்கள் கல்லூரியில் உயிரியல் துறை என்று ஒன்று கிடையாது. கீழ்த்தளத்தில் விலங்கியல் இருக்கிறது. அதற்குத் தலைவர் சிதம்பரதாணு, அதாவது நான். மேல்தளத்தில் தாவரவியல். அதற்குத் தலைவர் உலகம்மாள் மேடம். பீர் முகம்மது என்னிடம் ஓராண்டு படித்துவிட்டு மேல்தளத்துக்கு ஓடிப்போனவர். மேடம் வகுப்பைக் குற்றாலத்துக்குக் கூட்டிப்போய்ப் பாசி காட்டி மயக்கிவிட்டார் என்று அப்போதே துறைக் கூட்டத்தில் பதிவு செய்திருக்கிறேன்.

பத்து மணிக்கு மேடம் இறங்கி வந்தார்.

“சார், பிசின் எங்க டிபார்ட்மெண்டு.”

“ஈ?”

“ஈ வழி தவறி வந்து மாட்டிக்கிட்டது. அதுக்கு நாங்க என்ன செய்ய முடியும்?”

வரும் மே 31 அன்று ஓய்வு பெறுகிறேன். முப்பத்தொரு வருட உழைப்பில் அச்சில் வந்த ஆய்வு ஒன்றுதான்: ‘தென்காசி வட்டார வீட்டு ஈக்கள், ஒரு முன்னோட்டம்’. பின்னோட்டம் வரவே இல்லை. இந்த ஈயை விடுவதாக இல்லை.

ஜூலை 4, செவ்வாய்

இன்று உலகம்மாள் மேடம் என்னோடு பேசவில்லை. நானும் பேசவில்லை. நான்தான் முதலில் பேசாமல் இருந்தேன்.

ஜூலை 5, புதன்

முதல்வர் அறையில் விசாரணை. முதல்வர் மாசானமுத்து வணிகவியல்காரர். லென்ஸை வாங்கி நெடுநேரம் பார்த்தார்.

“உயிரோட இருக்கா?”

“இல்ல சார். நாலு கோடி வருஷம் ஆச்சு.”

“உயிர் இல்லேன்னா அது எப்படி விலங்கியல்?”

மேடம் சிரித்தார். நான் விடவில்லை. “அப்போ அந்த மரம் மட்டும் உயிரோட இருக்கா சார்?”

“அதுவும் சரிதான்,” என்றார் முதல்வர். பிறகு கண்ணை மூடி யோசித்துத் தீர்ப்புச் சொன்னார். திங்கள், புதன், வெள்ளி விலங்கியல். செவ்வாய், வியாழன், சனி தாவரவியல். ஞாயிறு அவருடைய பீரோவில். தினமும் காலை ஒன்பதரைக்கு, இரண்டு தளத்துக்கும் பொதுவாக, மாடிப்படி திரும்பும் இடத்தில் வைத்துத் துறைத்தலைவர்களே நேரில் கைமாற்றிக்கொள்ள வேண்டும். அதற்கொரு பதிவேடு. தேதி, கொடுத்தவர், பெற்றவர், நிலை.

“நிலைன்னா?” என்று கேட்டேன்.

“ஈ எப்படி இருக்குன்னு எழுதணும். நாளைக்கு ஒருத்தரை ஒருத்தர் குத்தம் சொல்லக் கூடாதுல்லா?”

ஜூலை 10, திங்கள்

காலை ஒன்பது இருபத்தைந்துக்கே படியில் நின்றேன். மேடம் சரியாக ஒன்பதரைக்கு, முதல்வர் பீரோவிலிருந்து வாங்கிய வெல்வெட் பெட்டியைத் தாம்பூலத் தட்டு போல இரண்டு கையாலும் ஏந்தி வந்தார். பதிவேட்டில் எழுதினார்: ‘ஈ நலம்.’

பிற்பகல் மின்சாரம் இல்லை. அக்காவுக்கு முழங்கால் தைலம் வாங்க மறந்துவிட்டேன்.

ஜூலை 12, புதன்

மேடம் இன்று கரும்பச்சைப் புடவை. இதை எழுதுவதற்குக் காரணம் உண்டு. பச்சைப் பின்னணியில் ஆம்பரின் நிறம் மாறித் தெரியும். ஆராய்ச்சியில் இத்தகைய விவரங்களைக் குறித்து வைப்பது நல்லது.

ஜூலை 13, வியாழன்

மேடம் மாம்பழ மஞ்சள். ஆம்பர் இன்று என்னிடம் இல்லை என்றாலும் ஒப்பீட்டுக்காகக் குறிக்கிறேன்.

ஜூலை 19, புதன்

நிதானமாக எழுதுகிறேன்.

இது சாதாரண ஈ இல்லை. இறக்கையின் நரம்பமைப்பை ஆறு முறை வரைந்து பார்த்தேன். நூல்களோடு ஒப்பிட்டேன். இந்த ஈயின் பேரினமே பூமியில் இன்று இல்லை. முழுக்க அழிந்துபோன பேரினம். அதன் லத்தீன் பெயரை எழுதினால் இந்தப் பக்கம் போதாது. யானைத் துதிக்கை போல நீண்ட வாய்க்குழல். அதை வைத்துக்கொண்டு எதைக் குடித்தது என்று யாருக்கும் தெரியாது. உலகத்தில் இதுவரை கிடைத்த மாதிரிகள் மூன்றே மூன்று. மூன்றும் பெண். நம்முடையது ஆண்!

முதல்வரிடம் ஓடினேன். மேடமும் அங்கே இருந்தார்.

“ஆணுன்னு எப்படிச் சொல்லுதீங்க?” என்றார் முதல்வர்.

நான் மேடத்தைப் பார்த்தேன். மேடம் என்னைப் பார்த்தார்.

“சில... அடையாளங்கள் இருக்கு சார்.”

“என்ன அடையாளம்?”

“பின்பக்கம்... நுனியில...”

“மீசையா?”

மேடம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. முப்பத்தொரு வருடம் விலங்கியல் நடத்திய நான், “மீசை மாதிரிதான் சார்” என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். அறிவியலுக்கு இப்படியொரு நாள் வந்திருக்க வேண்டாம்.

ஜூலை 21, வெள்ளி

மேடம் பதிவேட்டில்: ‘ஈ நலம். மீசையும் நலம்.’

இதற்கு நான் நாளை தகுந்த பதில் எழுதுவேன்.

ஜூலை 22, சனி

எழுதினேன்: ‘ஈ நலம். பார்ப்பவர் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்க்கவும்.’

ஜூலை 24, திங்கள்

மேடம்: ‘ஈ நலம். கண்ணாடி துடைத்தாயிற்று. சாரின் சட்டையில் பொத்தான் மாறிப் போட்டிருப்பது தெளிவாகத் தெரிகிறது.’

உண்மைதான். காலையிலிருந்து ஏழு பேரோடு பேசியிருக்கிறேன். ஒருவரும் சொல்லவில்லை.

ஜூலை 28, வெள்ளி

பெரும் பிழை நடந்துவிட்டது.

சாரல் விடாமல் பெய்கிறது. ஆய்வகத்தில் வெளிச்சமே இல்லை. வீட்டு மாடியில் நல்ல வெளிச்சம் வரும் என்று, விதியை மீறி, ஆம்பரைத் தாளில் மடித்து டிபன் கேரியரின் மேல்தட்டில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். முகம் கழுவிவிட்டு வந்தால் கேரியர் கழுவிக் கவிழ்த்திருக்கிறது.

என்னோடு இருப்பவர் என் அக்கா கோமு. அத்தான் போன பிறகு பதினோரு வருடமாக எனக்குச் சமைத்துப் போடுகிறார். அடுப்படியில் நின்று ஒரு தம்ளரைக் கரண்டியால் கலக்கிக்கொண்டிருந்தார்.

“ஏல தாணு, இருமிட்டே இருக்கியேன்னு மிளகுப் பால் போட்டேன். ஆனா நீ வாங்கிட்டு வந்த பனங்கற்கண்டு கரைய மாட்டேங்கு.”

“நான் பனங்கற்கண்டு வாங்கலயே அக்கா.”

“கேரியர்ல வச்சிருந்தியே. அதுல ஒரு ஈ வேற. கரைஞ்சதும் வடிகட்டிரலாம்னு பாத்தேன்.”

தம்ளரைப் பிடுங்கினேன். விரலை விட்டு எடுத்தேன். விரல் வெந்துவிட்டது. ஈ இருந்தது. ஆனால் ஆம்பரின் மேல்பரப்பு கண் புரை விழுந்தாற்போல மங்கிக் கிடந்தது.

“நாலு கோடி வருஷம் அக்கா! நாலு கோடி வருஷம் பத்திரமா இருந்தது!”

“அப்போ கெட்டுப்போயிருக்கும். தூரப் போடு,” என்றார் அக்கா.

ஜூலை 29, சனி

படியில் மேடம் பெட்டியைத் திறந்து பார்த்தார். முகர்ந்தார். நான் பதிவேட்டில் எழுதியிருந்ததைப் படித்தார்: ‘ஈ நலம். சற்றே பால் வாசனை.’

முழுவதையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். முதல்வரிடம் சொல்லி ஆறு நாளும் தனக்கே வாங்கிக்கொள்ள இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது. அவர் என் கட்டுப்போட்ட விரலைப் பார்த்தார்.

“கொதிக்கிற பாலுக்குள்ளயா விரலை விட்டீங்க?”

“வேற வழி?”

“கரண்டி இருந்துச்சே சார்.”

அது எனக்குத் தோன்றவில்லை.

ஆகஸ்ட் 4, வெள்ளி

மேடம் ஆம்பரை மெருகேற்றிக்கொண்டிருக்கிறார். மரத்துண்டுகளைத் தாள் போலச் சீவிக் கண்ணாடி போலத் தேய்த்துப் பழகிய கை. என்னுடைய வெள்ளிக்கிழமையை அதற்காக விட்டுக்கொடுத்தேன். ஆனால் என் பொருள் என் பொறுப்பில் இருக்க வேண்டும் என்பதால் மேலேபோய் எதிரே உட்கார்ந்திருந்தேன். நாலு மணிநேரம். எனக்கும் ஒரு தம்ளர் காபி வந்தது.

காபியில் இஞ்சி தட்டிப் போட்டிருந்தது. இருமலுக்கு என்று நினைக்கிறேன். அவருக்கும் இருமல் இருக்கக்கூடும்.

ஆகஸ்ட் 8, செவ்வாய்

மேடம் படியிலிருந்தே கூப்பிட்டார். “சார், வாங்க. சீக்கிரம் வாங்க.” செருப்பில்லாமல் ஓடினேன்.

மங்கிய பக்கத்தைத் தேய்த்தபோது ஈயின் முகம் புதுக் கோணத்தில் தெரிந்திருக்கிறது. ஆம்பருக்குள் முன்பிருந்தே இருந்த வெண்படலம் மறைத்திருந்த பக்கம். அந்த நீண்ட வாய்க்குழலின் நுனியில் பொடிப்பொடியாக எதுவோ ஒட்டியிருந்தது. நான் தூசி என்றேன்.

“தூசி இல்ல. மகரந்தம்,” என்றார். “பூவுல தேன் குடிச்சிட்டு, மூஞ்சியக்கூட துடைக்காமப் பிசின்ல வந்து உக்காந்திருக்கு.”

இந்தப் பேரினம் எதைக் குடித்து வாழ்ந்தது என்ற கேள்விக்கு விடை தென்காசியில், அக்காவின் மிளகுப் பாலால் கிடைத்திருக்கிறது. ஈயை நான் எழுத வேண்டும். மகரந்தத்தை அவர் எழுத வேண்டும். ஒருவர் இல்லாமல் மற்றவர் எழுத முடியாது.

“கூட்டுக் கட்டுரைதான் சார். வேற வழி?” என்றார்.

நான் வருத்தத்துடன் ஒப்புக்கொண்டேன். வீட்டுக்கு வரும் வழியில் அல்வா வாங்கினேன். அக்கா காரணம் கேட்டார். காரணமில்லை என்றேன்.

ஆகஸ்ட் 30, புதன்

தினமும் கல்லூரி முடிந்ததும் ஒரு மணிநேரம் கட்டுரை வேலை. மேடத்தின் அம்மா போன வருடம் தவறிவிட்டார். படுக்கையில் கிடந்தவரைப் பதினாறு வருடம் பார்த்துக்கொண்டாராம். இதை வாய்க்குழல் நீளத்தை அளக்கும்போது சொன்னார். அளவைத் தப்பாக எழுதிவிட்டேன். பிறகு திருத்தினோம்.

எனக்கு மூன்று தங்கைகள். ஒவ்வொருவராகக் கரையேற்றி முடிக்கும்போது எனக்கு நாற்பத்தாறு. இதை நானும் சொன்னேன். எதற்குச் சொன்னேன் என்று தெரியவில்லை.

டென்மார்க்கில் இருக்கும் ஈ நிபுணர் ஹென்ரிக் என்பவருக்குப் படங்களை அனுப்பியிருக்கிறோம்.

செப்டம்பர் 15, வெள்ளி

ஹென்ரிக்கிடமிருந்து பதில் வந்தது. பிறகு எழுதுகிறேன்.

செப்டம்பர் 18, திங்கள்

வீட்டில் தண்ணீர் மோட்டார் பழுது. ஆள் வந்தார். மேடம் வெங்காயத்தோல் நிறப் புடவை. ஹென்ரிக் பதில் எழுதினாரா என்று கேட்டார். வெளிநாட்டுக்காரர்கள் மெதுவாகத்தான் எழுதுவார்கள் என்றேன்.

செப்டம்பர் 21, வியாழன்

ஹென்ரிக் எழுதியதைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. மேடமும் இன்று கேட்கவில்லை. அக்காவுக்குத் தைலம் வாங்கினேன்.

செப்டம்பர் 23, சனி

சரி, எழுதிவிடுகிறேன்.

இது அந்தப் பேரினத்திலேயே இதுவரை யாரும் பார்க்காத புதிய இனமாம். ஹென்ரிக் மூன்று ஆச்சரியக்குறி போட்டிருக்கிறார். உடனே வெளியிட வேண்டும் என்கிறார். ஆனால் ஒரு நிபந்தனை. புதிய இனத்துக்குப் பெயர் வைக்க வேண்டுமானால், அந்த மாதிரி எல்லா ஆய்வாளர்களும் வந்து பார்க்கக்கூடிய பெரிய அருங்காட்சியகத்தில் நிரந்தரமாக இருக்க வேண்டும். கல்லூரி அலமாரி போதாது. கொல்கத்தாவுக்குக் கொடுத்துவிடுங்கள் என்கிறார்.

கொடுத்துவிட்டால் கைமாற்ற ஒன்றும் இருக்காது. பதிவேடும் வேண்டியதில்லை.

அறிவியலில் அவசரம் கூடாது. நான்கு கோடி ஆண்டு பொறுத்த ஈ இன்னும் கொஞ்சம் பொறுக்கலாம். வேறு காரணம் எதுவும் கிடையாது.

செப்டம்பர் 26, செவ்வாய்

ஹென்ரிக் மேடத்துக்கே எழுதிவிட்டார். ‘என் கடிதம் கிடைத்துப் பதினோரு நாளாகிறதே, டாக்டர் தாணு நலமா?’ என்று.

மேடம் படியில் வைத்து அந்தத் தாளைக் காட்டினார்.

“இது என்ன சார்?”

நான் பதிவேட்டைத் திறந்து தேதியை எழுதினேன்.

“தனியாப் பேர் வாங்கணும்னா நேராச் சொல்லியிருக்கலாம். மகரந்தத்தை நான் எடுத்துட்டுப் போயிருக்க மாட்டேன்.”

“அப்படியில்ல மேடம்...”

“வேற எப்படி?”

நான் ஈயைப் பார்த்தேன். அதுவும் உதவவில்லை. மேடம் பெட்டியை வாங்கிக்கொண்டு மேலே போய்விட்டார். பதிவேட்டில் கையெழுத்து மட்டும். நிலை என்ற கட்டம் காலி.

செப்டம்பர் 27, புதன்

ஒன்பதரைக்கு மேடம் வரவில்லை. தாவரவியல் ஆய்வக உதவியாளர் பிச்சம்மாள் பெட்டியைக் கொண்டுவந்தார். எனக்கும் பிச்சம்மாளுக்கும் பேச ஒன்றுமில்லை.

செப்டம்பர் 29, வெள்ளி

பிச்சம்மாள்.

அக்டோபர் 4, புதன்

பிச்சம்மாள். முதல்வர் கூப்பிட்டு, தர மதிப்பீட்டுக் குழு வரும்போது வாசலில் வைக்க ஈயைப் பெரிய படமாகப் போட வேண்டும் என்றார். “கொஞ்சம் கம்பீரமா எழுந்து நிக்கிற மாதிரி எடுக்க முடியாதா?” என்று கேட்டார். முயற்சி செய்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். வாதாடத் தெம்பு இல்லை.

அக்டோபர் 6, வெள்ளி

சாயங்காலம் அக்கா வீட்டில் இல்லை. இருட்டும் நேரத்தில் பை நிறையக் கொய்யாப்பழத்தோடு வந்தார்.

“எங்க போனே?”

“உலகம்மா வீட்டுக்கு. பாலுல போட்டதுக்கு நான் இன்னும் மன்னிப்பே கேக்கலல்லா.”

“என்ன சொன்னாங்க?”

“ரெண்டு மணிநேரம் பேசிட்டிருந்தோம். ஈயைப் பத்திப் பேசவே இல்ல.”

“வேற எதைப் பத்திப் பேசினீங்க?”

“நீ பத்து நாளாச் சோத்தைப் பிசைஞ்சுட்டு அப்படியே எந்திரிக்கிறதைப் பத்தி,” என்றார் அக்கா, கொய்யாவைக் கழுவிக்கொண்டே. “நான் ஒண்ணும் சொல்லல. அவளாத்தான் கேட்டா.”

நான் சாப்பிடாமல் எழுந்திருப்பதாக எனக்கு நினைவில்லை. இதற்குமுன் இந்த நாட்குறிப்பில் அப்படி எதுவும் பதிவாகவில்லை.

அக்டோபர் 9, திங்கள்

பிச்சம்மாள் வருவதற்கு முன்பே நானே மேலே போனேன். மேடம் நுண்ணோக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தார். வழியெல்லாம் தயாரித்துக்கொண்டு போன பேச்சு இது: ‘ஆய்வு நெறிமுறைகளின் அடிப்படையில் தங்களுக்குத் தகவல் தெரிவிப்பதில் ஏற்பட்ட தாமதத்துக்கு வருந்துகிறேன்.’

வாயில் வந்தது வேறு.

“ஈயைக் கொடுத்துட்டா ஒன்பதரைக்கு நீங்க வர மாட்டீங்கல்லா.”

சொன்னபிறகுதான் காதில் விழுந்தது. எனக்கே. மேடம் துடைப்பதை நிறுத்தினார். பிச்சம்மாள் ஒரு மூலையில் பெஞ்சு துடைத்துக்கொண்டிருந்தார். அவரும் நிறுத்தினார்.

“அதுக்காகவா பதினோரு நாள்?”

தலையாட்டினேன்.

மேடம் கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்தார். நெடுநேரம் துடைத்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

“ஒன்பதரைக்கு வர்றதுக்கு ஒரு செத்த ஈ வேணுமா சார்?”

“வேண்டாமா?”

“காபி குடிக்கேன்னு சொல்லிட்டு வரலாம். சும்மா வரலாம். உங்களுக்கு எத்தனை வயசு?”

“ஐம்பத்தொன்பது.”

“எனக்கும் ஐம்பத்தொன்பதுதான். உங்களைவிட நாலு மாசம் மூப்பு. எனக்குத் தெரிஞ்சிருக்கு, உங்களுக்குத் தெரியலயே,” என்றார். “போய் ஹென்ரிக்குக்கு எழுதுங்க. பாவம், நீங்க செத்துப் போயிட்டீங்களோன்னு கவலைப்படுதாரு.”

இறங்கி வரும்போது படி எண்ணிக்கையில் ஒன்று தவறி விழப் பார்த்தேன். காயம் இல்லை.

டிசம்பர் 21, வியாழன்

கொல்கத்தா போய்விட்டு வந்தோம். நானும் மேடமும் மட்டும் போவது சரியாக இருக்காது என்று அக்காவும் வந்தார். கங்கையில் குளிக்கலாம் என்பது அவர் கணக்கு.

ஆம்பரை யார் வைத்துக்கொள்வது என்று ரயில் ஏறும்வரை தகராறு. கடைசியில் அக்கா வாங்கித் தன் சுருக்குப் பையில் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டார். பாலில் போட்டவரிடமே மறுபடியும் ஒப்படைத்தோம். மறுப்புச் சொல்ல இருவருக்கும் தைரியம் வரவில்லை. இரண்டு பகல், இரண்டு ராத்திரி. பெட்டியில் எல்லோருக்கும் அக்கா முழுக்கதையும் சொல்லிவிட்டார். விஜயவாடா தாண்டுவதற்குள் எதிர் இருக்கைக் குடும்பம் தங்கள் முறைக்காக வரிசையில் நின்று ஈயைப் பார்த்தது. ஓர் அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அருங்காட்சியகத்தில் மூன்று படிவம் நிரப்பினோம். அதிகாரி ஆம்பரை வாங்கி, எண் எழுதி, இழுப்பறையில் வைத்து மூடினார். அவ்வளவுதான். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. மேடம் சற்றுநேரம் அந்த இழுப்பறையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“தனியா இருக்குமே,” என்றார்.

“பக்கத்து இழுப்பறை எல்லாம் ஈதான் மேடம்.”

வெளியே வந்ததும் அக்கா எங்கள் இருவருக்கும் ரசகுல்லா வாங்கித் தந்தார். துக்க வீட்டுக்குப் போய்வந்தவர்கள் போல நின்று சாப்பிட்டோம்.

ஜனவரி 22, திங்கள்

ஈக்கு என்ன பெயர் வைப்பது? முதல்வர் தன் பெயரை வைக்கலாம் என்று மறைமுகமாக நான்கு முறை சொன்னார். நான் மேடத்தின் பெயரைச் சொன்னேன்.

“ஈக்கு என் பேரா? எங்க தெருவுல யாரு என்னைப் பாத்தாலும் கையை வீசி விரட்டுவாங்க.”

அவர் என் பெயரைச் சொன்னார். என்னை அவர் பரிந்துரைத்ததே போதும் என்று மறுத்துவிட்டேன். கடைசியில் வாங்கி அனுப்பிய பீர் முகம்மதுவின் பெயரையே வைத்தோம். செய்தி போனதும் அவர் நடுக்கடலிலிருந்து தொலைபேசியில் அழுதார். ஓராண்டு விலங்கியல் படித்தது வீண்போகவில்லை என்றார். மேடம் பக்கத்தில் இருந்ததால் இதை இரண்டுமுறை சொல்லச் சொன்னேன்.

மார்ச் 1, வெள்ளி

கட்டுரை ஏற்கப்பட்டது. மேடம் மயில்கழுத்து நிறம். ஒப்பீட்டுக்கு இப்போது ஆம்பர் இல்லை. இருந்தாலும் குறிக்கிறேன்.

ஏப்ரல் 22, திங்கள்

அச்சுக்கு முந்தைய பிரதி வந்தது. பிழைதிருத்தி இந்த வாரமே அனுப்ப வேண்டும். ஜூனில் வெளிவரும்போது நாங்கள் இருவரும் ஓய்வுபெற்றிருப்போம் என்பதால், இரு ஆசிரியர்களின் வீட்டு முகவரியையும் சேர்க்கச் சொல்கிறார்கள். முதலில் மேடம் பார்த்துவிட்டு எனக்கு அனுப்புவார்.

ஏப்ரல் 24, புதன்

மேடம் பார்த்த பிரதியைப் பிச்சம்மாள் கொண்டுவந்தார். சிவப்பு மை ஊற்றி உட்கார்ந்தேன். மேடம் கவனமானவர். இருந்தாலும் அவர் கண்ணுக்குத் தப்பிய பதினெட்டுப் பிழைகளைக் கண்டுபிடித்தேன். பெரும்பாலும் காற்புள்ளிகள். பதினெட்டாவதுதான் பெரிது. இரண்டு ஆசிரியர்களுக்கும் ஒரே முகவரி இருக்கிறது. மேடம் என் வீட்டுக் கதவு எண்ணையும் தெருவையும் தன் பெயருக்குக் கீழும் எழுதிவிட்டார்.

வட்டமிட்டு, ஓரத்தில், ‘கவனக்குறைவு. தங்கள் சரியான முகவரியைத் தரவும்’ என்று எழுதித் திருப்பி அனுப்பினேன்.

ஏப்ரல் 25, வியாழன்

பிரதி திரும்பி வந்தது. பதினேழு திருத்தங்களை ஒப்புக்கொண்டிருக்கிறார். பதினெட்டாவதன் பக்கத்தில் ‘அப்படியே இருக்கட்டும்’ என்று எழுதியிருக்கிறார்.

இப்படிப் பிடிவாதம் பிடிக்கக் கூடாது. ‘உங்களுக்கு வரும் தபாலெல்லாம் என் வீட்டுக்கு வந்துவிடுமே’ என்று எழுதி அனுப்பினேன்.

பிற்பகலில் பதில் வந்தது: ‘வரட்டும்.’

பிச்சம்மாள் தாளை என் மேசையில் வைத்துவிட்டு, நான் படிக்கும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தலையில் அடித்துக்கொண்டு போனார். ஏன் என்று தெரியவில்லை.

ஏப்ரல் 26, வெள்ளி

காலையில் இட்லி சாப்பிடும்போது அக்காவிடம் குறைபட்டுக்கொண்டேன். இவ்வளவு படித்தவர், ஒரு முகவரியைச் சரியாக எழுத மாட்டேன் என்கிறார், மூன்றுமுறை தாள் போய் வந்துவிட்டது என்றேன்.

அக்கா கரண்டியை வைத்தார். “எங்க, அதைப் படி.”

படித்தேன். அவர் பெயர், கீழே எங்கள் கதவு எண், எங்கள் தெரு. ‘அப்படியே இருக்கட்டும்.’ ‘வரட்டும்.’

அக்கா சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“ஏல மடையா. அவ தப்பா எழுதல. ஜூன் மாசம் இங்கதான் இருப்பேன்னு எழுதியிருக்கா.”

நான் தாளைப் பார்த்தேன். மறுபடியும் பார்த்தேன். இட்லி தொண்டையில் நின்றுவிட்டது. அக்கா முதுகில் தட்டினார். தண்ணீர் குடித்தேன்.

“நீ என்ன செஞ்சே, அதைச் சிவப்பு மையில அடிச்சுத் திருப்பி அனுப்பிட்டியோ?”

“வட்டம்தான் போட்டேன் அக்கா.”

“கவனக்குறைவுன்னு எழுதினியோ?”

“எழுதினேன்.”

“அதுக்கப்புறமும் வரட்டும்னு எழுதியிருக்கா பாரு. அவளுக்குப் பொறுமை ஜாஸ்திதான். எந்திரி. எந்திரில!”

தாளை எடுத்துக்கொண்டு நடந்தேன். கோயில் வாசல் கடந்து நான்காவது தெரு. அக்கா சொல்லியிருந்த கொய்யா மரத்தை வைத்து வீட்டைக் கண்டுபிடித்தேன். மேடம் வாசலில் நின்று கல்லூரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். இன்று என்ன நிறப் புடவை என்று எனக்கு நினைவில்லை.

“திருத்தம் எல்லாம் முடிஞ்சுதா சார்?” என்றார். பூட்டிய கதவை மறுபடியும் திறந்து, மறுபடியும் பூட்டினார். அவ்வளவு தைரியமாக எழுதியவர் பதறுவார் என்று நான் நினைக்கவில்லை.

“ஒண்ணுல நான்தான் தப்பு மேடம்.”

“எதுல?”

“பதினெட்டாவதுல.”

அவர் வீட்டுக் கதவிலேயே தாளை வைத்து, அவருடைய பேனாவை வாங்கி, என் சிவப்பு வட்டத்தை அடித்தேன். ‘கவனக்குறைவு’ என்ற சொல்லுக்கு மேல் என் பெயரை எழுதினேன். அவர் படித்துவிட்டு, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அங்கேயே சிரித்தார். எதிர்வீட்டு அம்மாள் கோலப்பொடிக் கிண்ணத்தோடு நின்று பார்த்தார். பார்க்கட்டும்.

பத்து மணிக்குக் கல்லூரிக் கணினியில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, பத்திரிகைக்குப் பதில் அனுப்பினோம்: மொத்தம் பிழைகள் பதினேழு. முகவரி சரியாக இருக்கிறது.